சோத்தாங்கை பிரேக்

சைக்கிளில் மலை ஏறப் போகிறேன் என்று ஜெஸ்டின் சொன்ன அன்றைக்கே பிரிஸ்கில்லா சொல்லிவிட்டாள்: "ஏறுறதுக்கு நான் பயப்படல. எறங்குவீங்க பாருங்க, அதுக்குத்தான் பயம்."

பயப்படாமல் என்ன செய்வாள்? புதுச்சேரிக்காரனுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். அதில் ஏறி இறங்கிப் பழகிவிட்டு, ஐம்பதைத் தொடப் போகிற ஒரு மனுஷன், செஞ்சி, திருவண்ணாமலை, ஜவ்வாது மலை, ஏற்காடு, கடைசியில் கொல்லிமலை என்று கிளம்பினால் கட்டிக்கொண்டவள் ஆரத்தி எடுத்தா அனுப்புவாள்? வாயால் சொல்லிப் பார்த்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தாள். ஜெஸ்டினிடம் எதுவும் செல்லாது. கல்யாணமான நாளிலிருந்தே அவள் கிழக்கு என்றால் அவர் மேற்கு. குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவள் சொன்னால் அதற்காகவே நனைந்துகொண்டு வருகிற ரகம்.

போனார். நாலு பேராகப் போனார்கள். பின்னாலேயே செல்வகுமாரின் வேன் போனது, பைகளையும் ஒரு மாற்றுச் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு. முதலியார்பேட்டையில் தன் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி பிரிஸ்கில்லா அந்தப் பயணம் முழுவதையும் ஃபோனில் பார்த்தாள். செஞ்சிக் கோட்டை முன்னால் சைக்கிள். பீமன் அருவி முன்னால் சைக்கிள். ஏற்காட்டு ஏரிக்கரையில் சைக்கிள். ஊர் பார்க்கப் போனாரா, சைக்கிளுக்கு ஊரைக் காட்டப் போனாரா என்று தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு படம் வரும்போதும் மனசுக்குள் ஒரு முடிச்சு அவிழ்ந்தது, ஒரு மலை கழிந்தது என்று. இன்றைக்குக் கடைசி மலை. கொல்லிமலையில் கோயில் பார்த்தாயிற்று, ஆகாய கங்கையில் குளித்தாயிற்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரத்தைத் தொட்டுவிட்டால் எல்லாரும் வேனில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

காலைக் கூட்டம் கொஞ்சம் தணிந்த நேரத்தில் படம் வந்தது. மலையோரக் கம்பித் தடுப்பு, அதற்கு அப்பால் பஞ்சு மாதிரி மேகம், முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு ஜெஸ்டின். ஆனால் அவர் காலுக்கு நடுவில் இருந்தது அவருடைய சைக்கிள் இல்லை. சிவப்பு நிறத்தில், வளைந்த கைப்பிடியோடு, அவள் அண்ணன் அந்தோணியின் வெலோ.

அந்தோணி பிரான்சில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. ஒரு தடவை லீவில் வந்தபோது விமானத்தில் கொண்டுவந்த சைக்கிளை இங்கேயே போட்டுவிட்டுப் போனார். அவர் பிரெஞ்சில் வெலோ, வெலோ என்று சொல்லிச் சொல்லி வீட்டில் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் சைக்கிள் என்ற பேர் போய்விட்டது. அதில் ஒரு வில்லங்கம் உண்டு. நம் ஊரில் வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு, இடது கைப் பிரேக் பின் சக்கரத்துக்கு. அந்த ஊரில் நேர்மாறு. தெரியாமல் ஏறியவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது மண்ணைக் கவ்வியிருக்கிறார்கள். மச்சானைக் கிண்டல் பண்ண ஜெஸ்டினுக்கு அது போதும். "உங்கண்ணன் மாதிரியே அவரு வண்டியும் தலைகீழ்" என்று விருந்து தவறாமல் சொல்வார்.

படத்துக்குக் கீழே குரல் செய்தி ஒன்றும் இருந்தது. பிரிஸ்கில்லா காதில் வைத்தாள்.

"பிரிஸ்கி, பயந்துடாத. என் சைக்கிள்ல பின்சக்கரத்துக் கம்பி அஞ்சாறு அறுந்து சக்கரமே கோணிக்கிச்சு. அதான் உங்கண்ணன் வெலோவ வேன்லேர்ந்து எறக்கிட்டேன். இது தலைகீழ்ப் பொறப்புன்னு எனக்குத் தெரியாதா? இடது முன்னாடி, வலது பின்னாடி. எறக்கத்துல முன் பிரேக்கத் தொட்டாத்தான குப்புற அடிக்கும்? நான் வலத மட்டும் புடிச்சிக்கிட்டே ஜம்முனு எறங்கிடுவேன். இங்க சிக்னல் கெடைக்கிறதே பெரும்பாடு. கீழ போயி கூப்புடறேன்."

பரவாயில்லை, மனுஷனுக்கு ஞாபகம் இருக்கிறது என்று பிரிஸ்கில்லா ஃபோனை வைத்தாள். வில்லியனூர் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தியும் நேர்ந்துகொண்டாள். அடுத்த தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிற கன்னியப்பன் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தான்.

"அக்கா, வயித்தெரிச்சலுக்கு எதுனா குடு. ராத்திரி புரோட்டா ஒத்துக்கல" என்றான்.

மாத்திரையை எடுத்துக்கொடுத்துக்கொண்டே பிரிஸ்கில்லா படத்தைக் காட்டினாள். "பாத்தியா உங்க சாரை? மேகத்துல மெதக்குறாரு."

கன்னியப்பன் ஃபோனை வாங்கி, ஜெஸ்டினைத் தள்ளிவிட்டு வண்டியைப் பெரிதாக்கிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "அட, நம்ம கை பட்ட வண்டி! எப்பிடி மின்னுது பாருக்கா. இந்தப் பயணத்துக்குன்னு செல்வகுமாரு கொண்டாந்து போட்டப்ப துருப்புடிச்சிக் கெடந்துச்சி. செயின் கழட்டி, பேரிங்குக்கு கிரீஸ் போட்டு... பிரேக்கு ஒயரையும் சரி பண்ணி உட்டேன். எவனோ இடம் வலம் தெரியாத பய தலைகீழா மாட்டி வச்சிருந்தான்கா. நம்ம ஊரு கணக்குக்கு மாத்திட்டேன்."

பிரிஸ்கில்லாவுக்கு முதலில் அது காதில்தான் விழுந்தது. அப்புறம்தான் மண்டைக்குள் இறங்கியது.

"என்ன சொன்ன? மாத்திட்டியா?"

"ஆமாக்கா. வலது முன்னாடி, இடது பின்னாடி. மொறையா."

"அவர்கிட்ட சொன்னியா?"

"வண்டிய வந்து எடுத்துக்கிட்டுப் போனது செல்வகுமாருதான. தப்ப சரி பண்ணதுக்குத் தண்டோராவா போடுவாங்க?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "இன்னாக்கா? இன்னா ஆச்சி?"

அவள் ஃபோனை அவனிடமிருந்து பிடுங்கினாள். அந்தக் குரல் செய்தியை மறுபடி போட்டாள். 'வலத மட்டும் புடிச்சிக்கிட்டே ஜம்முனு எறங்கிடுவேன்' என்ற இடம் வந்ததும் கன்னியப்பனின் வலது கை தன்னால் மேலே வந்தது, அங்கே இல்லாத ஒரு பிரேக்கை விரல்கள் அழுத்தின. எந்தச் சக்கரம் நிற்கும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஐயையோ" என்றான். "எறக்கத்துல அத மட்டும் புடிச்சா ஆளத் தூக்கி அடிச்சிடும்கா. ஐயையோ, நல்லதுன்னு நெனச்சித்தான்கா செஞ்சேன்!"

நல்லதுதான் செய்தான், பாவி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது போல.

பிரிஸ்கில்லா ஜெஸ்டினுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. மறுபடி அடித்தாள். அதே குரல், அதே நிதானம். கூடப் போன ராமலிங்கத்துக்கு அடித்தாள். அவருடையது மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பையின் அடியில் போட்டுவிட்டு மிதிக்கிறாரோ என்னமோ. செல்வகுமார் உடனே எடுத்துவிட்டான். அவளுக்கு உயிர் வந்தது.

"செல்வா, அவரு எங்க? பக்கத்துல இருக்காரா?"

"இல்லக்கா, நான் முன்னாடியே எறங்கி காரவள்ளி வந்துட்டேன். சாரோட சைக்கிள் சக்கரத்த இங்க ஒரு கடையில காட்டலாம்னு... ஏன்க்கா?"

அடிவாரம்! உயிர் வந்த வழியே போயிற்று. "அந்த வெலோவுல பிரேக் மாறிக் கெடக்கு செல்வா. அவருக்குத் தெரியாது. வலதத் தொடக்கூடாதுன்னு சொல்லணும். திரும்பி மேல ஏறுப்பா. எதிர்ல பார்த்தா குறுக்க உட்டு நிறுத்து!"

செல்வகுமார் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. வேன் உறுமுகிற சத்தம் கேட்டது, லைன் அறுந்தது. ஆனால் எழுபது வளைவு ஏற வேண்டும். அவர் மேலிருந்து இறங்க, இவன் கீழிருந்து ஏற, நடுவில் எத்தனை வளைவு? ஒன்றே ஒன்று போதாதா?

"மேல யாரையாச்சும் தெரியுமாக்கா? கடை, கிடை?" என்று கன்னியப்பன் கேட்டான்.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. நேற்றுச் சாயங்காலம் ஜெஸ்டின் தங்கியிருந்த வீட்டுக்காரம்மாளின் ஃபோனிலிருந்து பேசியிருந்தார். சோளக்காட்டில், மலை இறங்குகிற ரோட்டோரத்திலேயே வீடு. புருஷனும் பெஞ்சாதியுமாகச் சாப்பாட்டுக் கடை போட்டு, மேலே இரண்டு அறை வாடகைக்கு விடுகிறார்கள். நிர்மலாதேவி என்று பேர் சொன்னார். பிரிஸ்கில்லா நேற்றைய அழைப்புகளைத் தேடி அந்த எண்ணைப் பிடித்தாள். மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல். காற்று இரைச்சல் பாதி, குரல் பாதி.

"நான் பாண்டிச்சேரிலேர்ந்து பேசறேன். ஜெஸ்டின் சம்சாரம். சைக்கிள்ல வந்தாங்களே. அவரு இருக்காரா?"

"இப்பத்தானுங்க்கா காப்பி குடிச்சுட்டு கெளம்புனாங்க. மத்தவங்கெல்லாம் முன்னாடி போயிட்டாங்க. அண்ணன் மட்டும் எழுவதாவது வளைவு போர்டுகிட்ட நின்னு போட்டோ எடுக்கோணும்னு சொல்லிட்டுப் போனாருங்க."

போட்டோ! அந்தப் பாழாய்ப்போன போட்டோ ஆசையை அவள் எத்தனை திட்டியிருப்பாள். இன்றைக்கு அதுதான் அவளைக் காப்பாற்ற வந்திருக்கிறது. "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். யாரையாவது வண்டியில வெரட்டி அனுப்புங்க. அவரு கெளம்பறதுக்குள்ள சொல்லணும். வலது பிரேக்கத் தொடக்கூடாதுன்னு!"

"கேக்கலீங்க. வலதுங்களா? எடதுங்களா?"

"வலது! வலது!"

"என்னுங்க? விட்டு விட்டுக் கேக்குதுங்க."

பிரிஸ்கில்லா கடை அதிரக் கத்தினாள். "சோத்தாங்கை! சோத்தாங்கை பிரேக்! அதத் தொடாதீங்கன்னு சொல்லச் சொல்லுங்க!"

"ஆ, சோத்தாங்கை. இப்பக் கேட்டுதுங்க. ஏனுங்க, வண்டிய எடுங்க சீக்கிரம்! அந்தப் பாண்டிச்சேரி அண்ணன்கிட்ட..." என்று அந்தம்மாள் புருஷனைக் கூப்பிடுவது கேட்டது. மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது.

பிரிஸ்கில்லா கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதுகெல்லாம் வேர்வை. கன்னியப்பன் மின்விசிறியை வேகமாக வைத்தான்.

"அப்பாடா" என்றான். "நல்ல வேளக்கா, சோத்தாங்கைன்னு சொன்ன. வலது இடதுன்னா ஆளுக்கு ஆள் கொழம்பும். சோத்தாங்கை யாருக்குக் கொழம்பும்?"

யாருக்கும் குழம்பாதுதான். இந்தத் தமிழ்நாடு, புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் எவருக்கும் குழம்பாது. ஒரே ஒருத்தரைத் தவிர.

ஜெஸ்டின் சோறு தின்பது இடது கையால். சின்ன வயதில் அவர் அம்மா அடித்துப் பார்த்தார், கையைக் கட்டிப் பார்த்தார், வேப்பெண்ணெய்கூடத் தடவிப் பார்த்தார். அசையவில்லை. கல்யாணப் பந்தியில் யாராவது முகம் சுளித்தால், "எனக்கு சோத்தாங்கை இதுதாங்க, ஆண்டவர் வச்சது" என்று சொல்லிவிட்டு அதே கையால் ரசத்தை உறிஞ்சுவார். வீட்டில் அதுவே வழக்கமாகிப் போனது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லும்போது பிரிஸ்கில்லாவே "சோத்தாங்கைப் பக்கம்" என்றுதான் சொல்வாள், அவரும் தயங்காமல் இடது பக்கம் ஒடிப்பார். அவரிடம் அந்த வார்த்தைக்கு இத்தனை வருஷமாக வேறு அர்த்தமே கிடையாது.

"மாதாவே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். "கன்னியப்பா, நான் அவர சாகச் சொல்லிட்டேன்டா!"

கன்னியப்பன் விழித்தான்.

"அவருக்கு சோத்தாங்கைன்னா இடதுடா! இடதத் தொடாதீங்கன்னு ஆள் அனுப்பிட்டேன். அவரே வலத மட்டும் புடிக்கிறேன்னு இருக்காரு. இப்ப நானும் சொல்லிட்டேன்னா?"

சொல்லும்போதே அவள் விரல் அந்த எண்ணை அழுத்திவிட்டது. போகவில்லை. மறுபடி. போகவில்லை. நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ நிர்மலாதேவி எடுத்தாள்.

"அக்கா, எங்கூட்டுக்காரரு பறந்துட்டாருங்க. சொல்லிப்போட்டுத்தான் வருவாரு, நீங்க பயப்படாதீங்க."

"அவரக் கூப்புடுங்க! ஃபோன் போடுங்க!"

"ஃபோன் இது ஒண்ணுதானுங்க எங்களுக்கு. ஏனுங்க்கா?"

"சொல்ல வேணாம்னு சொல்லுங்க! நான் சொன்னத அவர்கிட்ட சொல்லவே வேணாம்! வலதுன்னு சொல்லணும். கையத் தொட்டுக் காட்டிச் சொல்லணும்!"

சொல்லச் சொல்லிக் கத்தியவளே சொல்லாதே என்று கத்தினால் எதிரில் இருப்பவள் என்ன நினைப்பாள்? ஆனால் நிர்மலாதேவி நல்ல மனுஷி. "நீங்க அழுவாதீங்க. நானே ஓடிப் போயிப் பாக்குறேனுங்க" என்றாள். அதோடு இரைச்சலும் நின்றுபோனது.

அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் கொடுமை. கை நிறைய வேலை இருந்தால் மனசு எங்காவது ஒட்டிக்கொள்ளும். பிரிஸ்கில்லா ஃபோனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி ஃபோனைப் பார்த்தாள். ஒரு பெரியவர் சீட்டை நீட்டினார். அவள் வாங்கி, எழுந்து, எதையோ எடுத்து வைத்தாள். "அக்கா, இது சக்கரைக்குப் போடறது. அவரு ரத்தக்கொதிப்புக்குக் கேக்குறாரு" என்று கன்னியப்பன்தான் அட்டையைப் படித்துப் பார்த்துத் தடுத்தான். பெரியவர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்.

அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தாள். பாதியில் சொல் மறந்தது. பிறந்ததிலிருந்து சொல்கிற ஜெபம்! மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கண்ணை மூடினால் ரோடு தெரிந்தது, பனி ஈரம், வளைவில் இறங்குகிற சிவப்பு வெலோ. அவர் தைரியமாக உட்கார்ந்திருக்கிறார். வலது கையை இறுக்குகிறார். கண்ணைத் திறந்துவிட்டாள். கிளம்பிய அன்று வாசலில் நின்று அவர் போய்ட்டு வரேன் என்றபோது, அவள் வீம்புக்கு உள்ளே மிக்ஸியை ஓடவிட்டாள். அதை நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு அந்த மனுஷன் வேண்டும், சண்டை போடவாவது வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஃபோன் அடித்தது. நிர்மலாதேவியின் எண்.

எடுத்துக் காதில் வைத்தாள். யார் குரல் வரப்போகிறதோ!

"பிரிஸ்கி, கத்தாத. உயிரோடதான் இருக்கேன்" என்றார் ஜெஸ்டின்.

அவள் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. கன்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"விழுந்துட்டேன்" என்றார் அவர். "மொதல் வளைவுலயே. போட்டோ எடுத்துட்டு ஏறி உக்காந்து நாலு மிதி மிதிச்சிருப்பேன். வேகமே இல்ல. வலதப் புடிச்சேன். வண்டி நின்னுடுச்சு, நான் நிக்கல. தோள்பட்ட எலும்பு போயிருக்கும்னு நெனைக்கிறேன், கையத் தூக்க முடியல. மூக்குலயும் ரத்தம். தடுப்புச் செவுத்துக்கு இந்தப் பக்கமே விழுந்ததால தப்பிச்சேன்."

"மாதாவே, மாதாவே..."

"கேளு. நான் கீழ கெடக்குறேன். ஒருத்தர் மோட்டார் சைக்கிள்ல பறந்து வந்து நிக்கிறாரு. என்னத் தூக்கக்கூட இல்ல, மொதல்ல சேதி சொல்றாரு. சார், உங்க சம்சாரம் பேசுனாங்க, சோத்தாங்கை பிரேக்கத் தொடாதீங்கன்னு. நான்தான் தொடவே இல்லையே! இடது பக்கம் கையே போவல. அப்பறம் எப்படிடி விழுந்தேன்?"

பிரிஸ்கில்லா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சொல்லித்தான் ஆக வேண்டும். "கன்னியப்பன் ஒயர மாத்திட்டான். வலதுதான் முன்னாடி. வலதத் தொடாதீங்கன்னுதான் நான் சொன்னேன். அந்தம்மாவுக்குக் காதுல விழல. அதான் சோத்தாங்கைன்னு கத்திட்டேன். ஊர்ல எல்லாரோட சோத்தாங்கை. உங்களோடது இல்ல."

மறுமுனையில் காற்று மட்டும் இரைந்தது. அவர் கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. போட்டு முடிக்காமல் இருந்தால் தேவலை என்றும் இருந்தது.

"அந்த மனுஷன் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தார்னா?" என்றார் கடைசியில்.

அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நான் கேட்டிருப்பேன் பிரிஸ்கி." குரல் உடைந்தது. அவர் அம்மா சாவுக்குக்கூட அழாத ஆள். "இத்தினி வருஷத்துல நீ சொல்லி நான் ஒண்ணுகூடக் கேட்டதில்ல. இதக் கேட்டிருப்பேன். அவ்ளோ தூரத்துலேர்ந்து ஆள் உட்டுச் சொல்றாளே, காரணம் இல்லாம சொல்லுவாளான்னு, இருந்த கொஞ்ச பயமும் போயி, வலத மட்டும் இறுக்கிப் புடிச்சிக்கிட்டு, நல்லா வேகமா, அந்த எழுபதையும்..."

பிரிஸ்கில்லா ஃபோனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடியே கல்லாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேரும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகக் கொஞ்ச நேரம் அழுதார்கள்.

"இனிமே நான் சொல்றது எதையும் கேக்காதீங்க" என்றாள்.

"சரிம்மா" என்றார் அவர்.